வீட்டு நாயும் வீட்டாரும்



நாய் வளர்ப்போர் நம்மிடையே பலர். அதனைப் பழக்குவோர் சிலர். அந்தச் சிலருள்ளும் பெரும்பாலோர் தனித்து நின்றே அக்கருமத்தைச் செய்கின்றனர். குடும்பத் தலைவரோ மூத்த மகனோ ஒருவர், "நாய் என் பொறுப்பு" என்று ஏற்றுக்கொள்வார். மற்றையோர் பார்வையாளராகி விடுவர். மாலையில் அரைமணி நேரம் முற்றத்திலே பாடம் நடைபெறும். "இரு" என்றால் நாய் இருக்கும். "வா" என்றால் வரும். அயலவர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து வியப்பர். பாடம் முடிந்து சிறிது நேரத்துள் அதே நாய் அடுக்களை வாசற்படியில் முன்னங்கால்களை ஊன்றிக்கொண்டு பிட்டுக்குக் குரைத்து நிற்கும். பழக்கியவர் தலையில் அடித்துக்கொண்டு, நாய் வாலை நிமிர்த்த முடியாது என்ற பழமொழியைச் சொல்லிவிட்டுச் சாய்மனைக் கதிரையில் அமர்ந்துவிடுவார்.

அந்தப் பழமொழியை அவ்விடத்திற் சொல்வது நாய்க்கு இழைக்கும் அநீதி என்றே நான் கருதுகின்றேன். ஒருவர் நிமிர்த்தும்போது நால்வர் வளைத்தால் எந்த வால்தான் நிமிரும்?

ஒரு கிழமையில் 168 மணித்தியாலங்கள் உள்ளன. நாள்தோறும் அரைமணி நேரம் பழக்கினாலும் கிழமைக்கு மூன்றரை மணித்தியாலமே பாடம் நடந்ததாகும். எஞ்சிய நேரத்தில் நாய் கற்பதை நிறுத்திக்கொள்வதில்லை. மீன் வெட்டும் அம்மாவிடம், விறாந்தையில் வெற்றிலை இடிக்கும் அம்மம்மாவிடம், பாடசாலையிலிருந்து ஓடிவரும் சிறுவனிடம், விறகு கொத்த வருபவரிடம் என்று அது ஓயாது கற்றுக்கொண்டே இருக்கின்றது. கற்பிக்கின்றோம் என்ற நினைவே இன்றி அவர்கள் கற்பிக்கின்றனர், அவ்வளவுதான் வேறுபாடு.

நினைவின்றிக் கற்பித்தல் எத்துணை வலியது என்பதை முதலிற் கண்டறிந்தவர்களுள் ஒருவர் ருஷ்ய நாட்டு உடற்றொழிலியல் அறிஞர் இவான் பாவ்லொவ். சமிபாட்டைப் பற்றி நாய்களிடத்து ஆராய்ந்து 1904 ஆம் ஆண்டில் நொபெல் பரிசு பெற்றவர் அவர். உணவு வாயிற் படுமுன்னரே, அதனைக் கொண்டுவரும் பணியாளரைக் கண்ட மாத்திரத்தே நாய்களுக்கு உமிழ்நீர் சுரந்ததை அவர் கவனித்தார். அப்பாடத்தை அந்நாய்களுக்குக் கற்பிக்க எவரும் எண்ணியதில்லை. ஆய்வுகூடத்தின் நாளாந்த நடப்பே அதனைக் கற்பித்துவிட்டது. நம் வீட்டு அடுக்களையும் அத்தகைய ஓர் ஆய்வுகூடமே.

பிற்காலத்தில் அமெரிக்க உளவியலறிஞர் ஸ்கின்னர், ஃபேர்ஸ்டர் என்பாரோடு சேர்ந்து 1957 இல் ஒரு பெருநூலை வெளியிட்டார். புறாக்களைக் கொண்டு செய்த பரிசோதனைகள் பலவற்றை அதிற் காணலாம். ஒரு தட்டைக் கொத்தினால் தானியம் கிடைக்கும். கொத்தும்தோறும் தானியம் பெற்றுப் பழகிய பறவை, தானியம் நின்றதும் விரைவிலே கொத்துவதை விட்டுவிடுகின்றது. எப்போதாவது ஒருமுறை மாத்திரம் பெற்றுப் பழகிய பறவையோ, தானியம் முற்றாக நின்ற பின்னரும் நெடுநேரம் கொத்திக்கொண்டே இருக்கின்றது. லொத்தர்ச் சீட்டு வாங்குவோரை அறிந்தவர்களுக்கு இதன் காரணத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

இனி அதனை நம் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவருவோம். ஆறு பேர் கொண்ட ஒரு குடும்பம். சாப்பிடும்போது நாய்க்கு ஒன்றும் கொடுப்பதில்லை என்பது தீர்மானம். ஐவர் அதில் உறுதியாக நிற்கின்றனர். ஒருவர் மாத்திரம், அதுவும் பத்து நாளைக்கு ஒருமுறை, ஒரு துண்டு பாணை மேசைக்குக் கீழே நழுவ விடுகின்றார். "பத்து நாளைக்கு ஒரு துண்டுதானே" என்பது அவர் கணக்கு. நாயின் கணக்கு வேறு. நாள்தோறும் எல்லாரும் கொடுத்துவந்த வீட்டிலே ஒருநாள் யாவரும் நிறுத்திவிட்டால் நாய் சில நாளிற் புரிந்துகொள்ளும். பத்து நாளைக்கு ஒருமுறை கிடைக்கும் வீட்டிலோ, அது ஆண்டுக்கணக்காக மேசையடியிற் காத்துக் கிடக்கும். ஆகவே, அரைகுறையான கட்டுப்பாடு கட்டுப்பாடின்மையிலும் கெடுதலானது என்று சொன்னால் அது மிகையாகாது.

இன்னொன்றையும் முன்கூட்டியே அறிந்திருத்தல் நன்று. வழக்கமாகக் கிடைத்து வந்தது நின்றதும் நாய் உடனே அடங்கிவிடாது. முதலில் அதன் தொந்தரவு பன்மடங்காகும். மெல்ல முனகிய நாய் உரத்துக் குரைக்கும், காலைச் சுரண்டும், மடியிலே பாயும். "இந்த முறையாலே பயனில்லை" என்று வீட்டார் மனந்தளர்வது அந்த வேளையிலேதான். அவ்வேளையில் எவரேனும் ஒருவர் இரங்கிக் கொடுத்துவிட்டால், உரத்துக் குரைத்தாற் கிடைக்கும் என்ற புதிய பாடத்தை நாய் கற்றுவிடும். அந்தச் சில நாட்களையும் ஆறு பேரும் ஒருமிக்கக் கடந்துவிட வேண்டும்.

அந்த ஒருவர் யார் என்பதும் பெரும்பாலான வீடுகளிலே தெரிந்த செய்திதான். அம்மம்மா அல்லது அப்பாச்சி. அவர்களைக் குறைகூறுவது எளிது, முறையன்று. காகத்துக்குச் சோறு வைத்த பின்னரே தாம் உண்பதும், கோடிப்புறத்து நாய்க்கு ஒரு கவளம் எடுத்து வைப்பதும் தருமம் என்று வளர்ந்தவர்கள் அவர்கள். வைரவருக்கு நாயை வாகனமாக்கிய சமயத்தவர் நாம். எழுபது வயதிலே அவரை அழைத்து, "இனி நாய்க்கு ஒன்றும் கொடுக்கக் கூடாது" என்று பேரன் சட்டம் போட்டால், அவர் கொடுப்பதை விடமாட்டார். ஒளித்துக் கொடுக்கவே தொடங்குவார்.

ஆதலால் அவரிடமிருந்து உரிமையைப் பறிக்காமல் அதிகாரத்தை ஒப்படைப்பதே விவேகம். நாயின் காலை உணவையும் மாலை உணவையும் அவரே வைக்கட்டும். ஒரு நிபந்தனை மாத்திரம்: நாய் அமர்ந்த பின்னரே கிண்ணம் நிலத்தைத் தொட வேண்டும். நாய் எழுந்தாற் கிண்ணமும் மேலே எழ வேண்டும். கோபமும் வேண்டா, பேச்சும் வேண்டா. ஒருசில நாட்களுக்குள் கிண்ணத்தைக் கண்டதும் நாய் தானாகவே அமரும். வீட்டிலே பகல் முழுவதும் இருப்பவர் அவர்; பொறுமையும் அவரிடத்திலேதான் மிகுதி. மாலையிலே அலுவலகத்திலிருந்து களைத்து வருபவரைக் காட்டிலும் அவரே சிறந்த ஆசிரியராக அமைவதில் வியப்பென்ன?

அடுத்தது சொற்களின் குழப்பம். தந்தையார் "சிற்" என்பார். தாயார் "இரு" என்பார். சிறுவன் "இருடா, இருடா, இரு!" என்று மூச்சுவிடாமற் கத்துவான். அண்ணனுக்கு "டவுன்" என்றாற் படுப்பது. தங்கைக்கு அதே சொல் கதிரையிலிருந்து இறங்குவது. மனிதர் மொழியை நாய் கற்பதில்லை; ஓசையைக் கற்கின்றது. ஒரே ஓசைக்கு இரண்டு பொருளும், ஒரே செயலுக்கு நான்கு ஓசையும் இருந்தால் அது என் செய்யும்? பேசுபவரின் முகத்தைப் பார்த்து ஏதோ ஊகித்து ஒன்றைச் செய்யும். அந்த ஊகம் தவறினால் அடி விழும்.

இதற்குப் பரிகாரம் மிக எளிது. வீட்டார் ஒருநாள் மாலை ஒன்றாக அமர்ந்து ஐந்தே சொற்களைத் தெரிந்து, ஒரு தாளில் எழுதி, அடுக்களைக் கதவிலே ஒட்டிவிட வேண்டும். இரு, படு, வா, நில், விடு. தமிழாக இருந்தாலென்ன, ஆங்கிலமாக இருந்தாலென்ன. ஆறு வாயிலிருந்தும் ஒன்றாக வந்தாற் போதும். வாரத்துக்கு இருமுறை வந்து போகும் துணி துவைப்பவருக்கும் அத்தாளைக் காட்டிவிடுதல் நன்று. ஒவ்வொரு சொல்லோடும் ஒரு கைச்சாடையையும் சேர்த்துக்கொண்டால் மேலும் நலம். அதன் பயனைப் பின்னர்ச் சொல்லுகின்றேன்.

இவ்வைந்துள் "வா" என்பதற்குத் தனிக் காவல் வேண்டும். நாயை அழைத்து, வந்ததும் கட்டிப் போடுவதும், குளிக்க வார்ப்பதும், பிய்த்த செருப்பைக் காட்டி உறுக்குவதும் பல வீடுகளில் வழக்கம். ஒருவர் அன்போடு அழைத்துப் பழக்கிய சொல்லை இன்னொருவர் தண்டனைக்கு அழைக்கும் சொல்லாக்கி விடுகின்றார். ஒருநாள் படலை திறந்து கிடக்க, நாய் தெருவுக்கு ஓடுகின்றது, பேருந்து வருகின்றது, வீட்டார் "வா, வா" என்று கதறுகின்றனர். வருவதா விடுவதா என்று நாய் ஐயுறும் அந்த ஒரு கணத்திலே முடிவு வேறாகி விடலாம். கட்ட வேண்டுமாயினும் குளிப்பாட்ட வேண்டுமாயினும் நாமே நாயிருக்கும் இடத்துக்குச் சென்று பிடித்துக்கொள்ளலாம். "வா" என்று அழைத்து வந்த நாய்க்கு நன்மையன்றி வேறொன்றும் நேரலாகாது. இது வீட்டிலுள்ள அனைவரும் காக்க வேண்டிய விதி.

தண்டனையைக் குறிப்பிட்டமையால் அதைப்பற்றியும் ஒரு வார்த்தை. காலையிலே பிய்த்த செருப்புக்கு மாலையிலே அடித்தால் நாய்க்கு விளங்காது. "இல்லை, அதற்கு விளங்குகின்றது; நான் வந்ததும் குற்றவாளியைப் போலத் தலையைக் குனிகின்றதே" என்பர் சிலர். அமெரிக்காவில் அலெக்சாண்ட்ரா ஹொரோவிட்ஸ் என்னும் ஆய்வாளர் 2009 இல் வெளியிட்ட ஆய்வொன்றிலே இதனைச் சோதித்தார். விலக்கப்பட்ட தின்பண்டத்தை உண்ட நாயும் உண்ணாத நாயும், வளர்த்தவர் ஏசியபோது அந்தக் குற்ற முகத்தைக் காட்டின. அது குற்ற உணர்வன்று. நம் கோபத்துக்கு அஞ்சிய முகம். அம்மாவுக்கு அன்பும் அப்பாவுக்கு அடியும் என்று வேலை பிரித்துக்கொள்ளும் வீட்டிலே, நாய் ஒழுக்கத்தைக் கற்பதில்லை. அப்பா வீட்டிலிருக்கும் நேரத்தை மாத்திரமே கற்கின்றது.

"ஆனால் நாய்க்கு ஒரு தலைவன் வேண்டாமா? ஓநாய்க் கூட்டத்துக்கு ஒரு தலைவன் இருப்பதுபோல வீட்டிலே ஒருவருக்கு மாத்திரம் அது அடங்க வேண்டாமா?" என்று கேட்போர் உளர். இக்கருத்துக்கு ஒரு வரலாறு உண்டு. அடைத்து வைக்கப்பட்ட ஓநாய்களை நோக்கி ருடோல்ஃப் ஷெங்கல் என்பார் 1947 இல் எழுதிய ஆய்விலிருந்து அது பரவலாயிற்று. அமெரிக்க அறிஞர் டேவிட் மீச் 1970 இல் ஓநாய்களைப் பற்றி எழுதிய நூல் அதனை உலகெங்கும் கொண்டு சென்றது. பின்னர் அதே மீச், கனடாவின் வடகோடியிலுள்ள எல்ஸ்மியர்த் தீவிலே கோடைதோறும் காட்டு ஓநாய்களை அருகிலிருந்து கவனித்து, 1999 இல் தம் பழைய கருத்தைத் திருத்தி எழுதினார். இயற்கையிலே ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் தாயும் தந்தையும் அவற்றின் குட்டிகளுமே; சண்டையிட்டுத் தலைமையைக் கைப்பற்றும் பட்டாளமன்று. ஓநாயைச் சான்று காட்ட விரும்புவோர்க்கும் இறுதியிற் கிடைப்பது ஒரு குடும்பந்தான்.

ஒருவருக்கு மாத்திரம் அடங்கும் நாயினால் விளையும் கேட்டை நம் ஊர்களில் எத்தனையோ வீடுகளிற் காணலாம். பழக்கிய மகன் பேராதனைக்குப் படிக்கச் செல்கின்றான். அல்லது வெளிநாடு போய்விடுகின்றான். அவன் சொல்லுக்கன்றி வேறொருவர் சொல்லுக்கு இசையாத நாய் மாதக்கணக்கிற் சங்கிலியிலே கிடக்கின்றது. சங்கிலியிற் கிடந்த நாயின் குணம் மாறுகின்றது. ஒருநாள் அது சந்தையடியிலோ கோயில் வீதியிலோ இறக்கிவிடப்படுகின்றது. "பழகாத நாய்" என்பது அதன்மேற் சுமத்தப்படும் குற்றச்சாட்டு.

இதனினும் பாரதூரமானது நீர்வெறுப்பு நோய் என்னும் விசர்நாய் நோய். இந்நோய் குறித்து நம் நாட்டில் 1893 ஆம் ஆண்டிலேயே கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. நோய்க்குறிகள் தோன்றியபின் ஒருவரைக் காப்பாற்றுதல் ஏறக்குறைய இயலாத காரியம். மனிதருக்கு வரும் இந்நோயில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது வரை நாய்களாலே வருவதென உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. நோயுள்ளதெனச் சந்தேகிக்கப்படும் விலங்குகளாற் கடிபடுவோரில் நூற்றுக்கு நாற்பது பேர் பதினைந்து வயதுக்குட்பட்ட சிறுவர் எனவும் அது கூறுகின்றது. நாய்களுக்குத் தடுப்பூசி உண்டு. அரசாங்கம் அதனை இலவசமாகவே போடுகின்றது. ஆயினும் ஊசி போடுவோர் வரும் நாளில் நடப்பதென்ன? "அவர் கந்தோருக்குப் போய்விட்டார், அவரில்லாமல் நாயைப் பிடிக்க முடியாது" என்று வீட்டார் படலையிலே நின்று கைவிரிக்கின்றனர். நாய் அந்த ஆண்டு ஊசியின்றிக் கழிகின்றது.

குட்டிப் பருவத்திலிருந்தே வீட்டில் உள்ள பெரியவர்கள் யாவரும் அதன் காதைத் தொட்டு, வாயைத் திறந்து பார்த்து, பாதத்தைக் கையிலேந்தி, கழுத்துப் பட்டியைப் பிடித்து, ஒவ்வொரு முறையும் ஒரு சிறு தின்பண்டம் கொடுத்து வந்தால் இந்நிலை ஏற்படாது. குட்டி பிறந்த மூன்றாம் கிழமை முதல் ஏறக்குறையப் பன்னிரண்டாம் கிழமை வரை மனிதரோடும் உலகத்தோடும் பழகுவதற்கு மிக உகந்த காலம் என்பதை அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்து ஆய்வுகூடத்தில் ஸ்கொற், ஃபுல்லர் ஆகிய இருவரும் நெடுங்காலம் ஆராய்ந்து, 1965 இல் வெளியிட்ட நூலிலே எடுத்துக்காட்டினர். அந்தச் சில கிழமைகளில் எத்தனை பேர் கை படுகின்றதோ அத்தனை பேரும் பின்னர் அந்நாயைப் பிடிக்க வல்லவராவர்.

பிள்ளைகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பிள்ளையைக் கடிக்கும் நாய் பெரும்பாலும் தெருவால் வந்த அந்நிய நாயன்று. பிள்ளை அறிந்த நாயே. உண்ணும்போது வாலை இழுத்தல், உறங்கும்போது கட்டிப்பிடித்தல், குட்டிகளோடு கிடக்கும் தாய்நாயின் அருகே செல்லுதல் ஆகிய இவை மூன்றும் பிள்ளைகளுக்கு விலக்கப்பட வேண்டியவை. சிறு குழந்தையையும் நாயையும் பெரியவர் ஒருவர் பார்வையின்றி ஒரே அறையில் விட்டுச் செல்லலாகாது. நாய் எத்துணைச் சாதுவாயினும் சரியே. நாய் துரத்தினால் ஓடாமல், கத்தாமல், கைகளை உடலோடு சேர்த்து மரம்போல நிற்கப் பிள்ளைகளைப் பழக்கலாம். முற்றத்திலே விளையாட்டாகவே இதனைக் கற்பிக்க முடியும்.

குரைக்கின்ற நாய் கடிக்காது என்பது நம்மவர் பழமொழி. பழமொழிகளில் எனக்குள்ள மதிப்பு பெரிது. ஆயினும் பிள்ளைகளிடம் இதனைச் சொல்லாதீர்கள். குரைத்த நாயும் கடிக்கும். உறுமிய நாய் நிச்சயமாக ஏதோ சொல்லுகின்றது. "எனக்குப் பிடிக்கவில்லை, விலகு" என்பதே அதன் பொருள். உறுமியதற்காக ஒருவர் அடித்து அதனை அடக்கிவிட்டால், நாயின் வெறுப்பு அடங்குவதில்லை. எச்சரிக்கை மாத்திரமே அடங்குகின்றது. அடுத்தமுறை உறுமாமலே கடிக்கும். உறுமலைக் கேட்டவர் எவராயினும் பிள்ளையை அமைதியாக விலக்கிவிட்டு, எதனால் உறுமியது என்பதை அன்றிரவே மற்றையோர்க்குச் சொல்ல வேண்டும்.

இங்கே வீட்டார் அனைவரும் சேர்ந்து பிள்ளைக்கு ஒரு வாக்குக் கொடுத்தாக வேண்டும். நாய் கடித்தாலும் பல்லாலோ நகத்தாலோ கீறினாலும், அவன் வந்து சொன்னால் அவனுக்கும் ஏச்சில்லை, நாய்க்கும் அடியில்லை என்பதே அவ்வாக்கு. அடிக்கு அஞ்சியோ, நாயை எங்காவது கொண்டுபோய் விட்டுவிடுவார்கள் என்று அஞ்சியோ ஒரு பிள்ளை காயத்தைச் சட்டைக்குள் மறைத்தால் அதன் விலை உயிராக இருக்கலாம். காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரிற் பதினைந்து நிமிடம் கழுவி, உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். அந்தப் பதினைந்து நிமிடக் கழுவலையும் அம்மம்மா முதல் யாவரும் அறிந்திருத்தல் வேண்டும். மஞ்சளும் சுண்ணாம்பும் பூசிக்கொண்டிருக்கக் கூடாது.

பத்து வயதைக் கடந்த பிள்ளைகளைப் பெரியவர் ஒருவர் பக்கத்திலிருக்கப் பழக்குவோராகவும் ஆக்கலாம். "இரு" சொல்லிப் பழக்க ஒரு பிள்ளை, "விடு" சொல்லிப் பழக்க மற்றொரு பிள்ளை எனப் பகிர்ந்து கொடுத்தால் வீட்டிலே ஓர் ஆரோக்கியமான போட்டியும் தோன்றும்.

இத்தனை பேர் கையிலே ஒரு நாயை விட்டால் அது குழம்பிவிடாதோ என்ற ஐயம் சிலருக்கு எழலாம். பிரித்தானியாவிற் பார்வையிழந்தோர்க்கு வழிகாட்டும் நாய்களின் கதை அதற்கு விடை தரும். அங்கே முதன்முதலாக நான்கு நாய்கள் 1931 இற் பயிற்சி முடித்து வெளிவந்தன. மனிதர் உயிரைத் தம் பட்டியிலே தாங்கிப் பெருந்தெருக்களைக் கடக்கும் நாய்கள் அவை. அத்தகைய நாயின் பள்ளிப் பருவம் பயிற்சிக் கூடத்திலன்றோ கழிய வேண்டும் என்று நாம் நினைப்போம். 1956 முதல் அந்நிறுவனம் தன் குட்டிகளைச் சாதாரண வீடுகளிற் கொடுத்து வளர்ப்பிக்கத் தொடங்கியது. ஏறக்குறைய ஓராண்டு காலம் குட்டி அங்கே வளரும். அடுக்களை, படிக்கட்டு, பிள்ளைகளின் கூச்சல், விருந்தினர், கடைத்தெரு எல்லாவற்றுக்கும் பழகிய பின்னரே தேர்ந்த பயிற்றுநரிடம் செல்லும். அவ்வீட்டார் யாவரும் ஒரே சொல்லையும் ஒரே விதியையும் கைக்கொள்வர். பல கைகள் நாயைக் குழப்புவதில்லை. பல விதிகளே குழப்புகின்றன.

கைச்சாடையின் பயனைப் பின்னர்ச் சொல்வதாகக் கூறினேன். பத்துப் பன்னிரண்டு வயதான நாய்களுட் பலவற்றுக்குச் செவிப்புலன் மங்கிவிடும். அழைத்தால் வராது, "திமிர் பிடித்துவிட்டது" என்று வீட்டார் கருதுவர். குட்டியிலே சொல்லோடு சாடையையும் சேர்த்துக் கற்ற நாய்க்கு அப்போதும் குறையில்லை. உள்ளங்கையை மேலே உயர்த்தினால் இருக்கும். கையை நெஞ்சை நோக்கி அசைத்தால் வரும். யார் அசைத்தாலும் வரும். பின்னாலிருந்து திடீரெனத் தொடாமல், நிலத்தை மெல்லத் தட்டி, அது திரும்பிப் பார்த்த பின்னர்ச் சாடை காட்ட வேண்டும் என்பதை மாத்திரம் வீட்டுக்குப் புதிதாக வரும் மருமகளுக்கும் பேரப்பிள்ளைக்கும் சொல்லிவைத்தாற் போதும்.